வாப்பாவின் நெஞ்சில் ஒரு மோதினார்



என் வாப்பா வஃபாத்தாகி ஓராண்டு கடந்துவிட்டது. வாழ்வின் இறுதி ஆறாண்டுகளுக்கும் மேலாக, அவர்கள் ஒரு விசித்திரமான இதய நோயோடு வாழ்ந்தார்கள். இரத்தக் குழாயில் அடைப்பு இல்லை, நெஞ்சுவலியும் வந்ததில்லை. இதயத்தின் சுவர்கள் ஒரே நேரத்தில் சுருங்காமல், ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் அசைந்தன. நோய் அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் தாமதித்தோம். கண்டுபிடித்த பின்னரும், சிகிச்சைக்குச் சம்மதிப்பதா என்று வீட்டுக்குள்ளேயே வாதிட்டுச் சில வாரங்களை இழந்தோம். இதே நிலையில் இருக்கும் வேறொரு குடும்பத்துக்கு எங்கள் அனுபவம் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டு ரமழானில்தான் முதல் மாற்றம் தெரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு முந்நூறு எட்டுத்தான் இருக்கும். அந்தத் தூரத்தில் வாப்பா இரண்டு இடங்களில் நிற்கத் தொடங்கினார்கள். யாராவது பார்த்தால் நலம் விசாரிப்பதுபோல் பேச்சுக் கொடுப்பார்கள். உண்மையில் மூச்சு வாங்குவதற்காகவே நின்றார்கள். தராவீஹ் தொழுகையில் முதன்முறையாக நாற்காலி கேட்டார்கள். இரவில் ஒரு தலையணை போதாமல் மூன்றை அடுக்கிச் சாய்ந்திருந்தார்கள். மாலையானால் செருப்பின் வார் பாதத்தில் ஆழமாகப் பதிந்து கிடக்கும். "வயசு எழுபத்தொண்ணு ஆச்சு மவனே, இன்னும் பதினேழு வயசா?" என்று சிரித்துவிடுவார்கள். நாங்களும் அந்தச் சிரிப்பை நம்பினோம்.

அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் அதை வீசிங் என்று கருதி, உறிஞ்சும் மருந்து கொடுத்தார். நான்கு மாதங்கள் அதிலேயே கழிந்தன. இடையில் முழங்கால் வலிக்கென்று வாப்பா கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வகை வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பலவீனமான இதயத்தை மேலும் வருத்தும் என்பதை நாங்கள் பின்னர்தான் அறிந்தோம். ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு, படுக்கவே முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றிரவே திருநெல்வேலிக்குக் கொண்டு சென்றோம்.

அங்கே எடுத்த முதல் இ.சி.ஜி.யிலேயே விடை இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன்னர் எவராவது அதை எடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். 'லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்றார் இதய மருத்துவர். எக்கோ பார்த்ததில் பம்பிங் 24 சதவீதம் என்று வந்தது. இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில், ஒவ்வொரு துடிப்பிலும் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 55 சதவீதமோ அதற்கு மேலோ, வெளியேற வேண்டும். வாப்பாவுக்குக் கால் பங்குகூட வெளியேறவில்லை. ஆஞ்சியோ செய்து குழாய்களில் அடைப்பு இல்லை என்பதை உறுதி செய்தார்கள். பல ஆண்டுகளாகச் சரியாகக் கவனிக்கப்படாத இரத்த அழுத்தம் இதயத்தைப் பழுதாக்கியிருக்கலாம் என்றும், மின்பாதையின் அடைப்பு அந்தப் பழுதை மேலும் பெரிதாக்குகிறது என்றும் மருத்துவர் விளக்கினார்.

அந்த அம்மையார் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். இதயத்தின் வலப்புற மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு, நடுவிலுள்ள ஒரு கணு வழியாக இறங்கி, வலம் இடம் என இரண்டு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளை அடைகிறது. இரண்டு கிளைகளும் சேதியை ஏறக்குறைய ஒரே கணத்தில் கொண்டுசேர்ப்பதால்தான் தசை முழுவதும் ஒன்றாகச் சுருங்குகிறது. இடது கிளை அடைபட்டால், வலப்புறம் வந்த சேதி தசையிலிருந்து தசைக்குத் தாவித் தாவி மெதுவாகவே இடப்புறம் போய்ச் சேரும். முதலில் நடுச்சுவர் சுருங்கும். வெளிச்சுவர் சுருங்கும் வேளையில் நடுச்சுவர் தளர்ந்து கொடுத்துவிடும். இரத்தம் வெளியே பாய்வதற்குப் பதிலாக உள்ளேயே அலைமோதும். வால்வும் சரியாக மூடாமல் கசியும். நாளடைவில் அறை பெரிதாகிப் பலவீனமடையும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால், கீழறைகள் முழுவதற்கும் சேதி பரவ 120 பங்குக்கும் குறைவான நேரமே ஆக வேண்டும். வாப்பாவுக்கு 164 ஆயிற்று. அந்தச் சிறு தாமதம்தான் முந்நூறு எட்டில் இரண்டு முறை நிற்க வைத்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் உம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அப்போது பழைய பெருநாள் தொழுகை ஒன்று நினைவுக்கு வந்தது. கூட்டம் பள்ளியைத் தாண்டித் தெருவரை நிறைந்திருந்த வேளையில் மின்சாரம் போய் ஒலிபெருக்கி நின்றுவிட்டது. இமாமின் தக்பீர் முன் ஸஃபுகளுக்கு மட்டுமே கேட்டது. உள்ளே இருந்தவர்கள் ருகூஃவிலிருந்து நிமிர்ந்தபோது வெளியே இருந்தவர்கள் அப்போதுதான் குனிந்தார்கள்; ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததால் வந்த தாமதம். பிறகு மோதினார் வாசலருகே நின்று தக்பீரை உரத்துச் சொன்னார். ஸஃபுகள் அனைத்தும் மீண்டும் ஒன்றாயின. "வாப்பாவுடைய இதயத்திலும் கரண்ட் போய்விட்டது உம்மா. இடப்பக்க ஸஃபுக்கு இமாமுடைய சத்தம் எட்டவில்லை" என்றேன். உம்மாவுக்கு உடனே விளங்கியது. "அப்போ மோதினாரை நிறுத்த வேண்டியதுதானே" என்றார்கள்.

சிகிச்சையும் அதுதான். ஆனால் உடனே அதற்குச் செல்லவில்லை, முதலில் மருந்து. இதயத்தின் சுமையைக் குறைக்கும் மாத்திரை, துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர், உப்பின் தேக்கத்தைத் தடுக்கும் மாத்திரை, நீர் மாத்திரை எனச் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டினார்கள். குறைந்தது மூன்று மாதம் இவற்றை முறையாக எடுத்துப் பார்த்த பின்னரே கருவியைப் பற்றி முடிவு செய்வது வழக்கம். மருந்தாலேயே இதயம் தேறிவிடுபவர்களும் உண்டு. அந்த மூன்று மாதங்கள் எளிதாக இருக்கவில்லை. அழுத்தம் குறைந்து ஃபஜ்ருக்கு எழும்போது தலைசுற்றும். சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்க்க அடிக்கடி இரத்தம் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. கருவாடும் மாசியும் ஊறுகாயும் அப்பளமும் இல்லாத சோறு எங்கள் கடற்கரை ஊரில் சோறே அல்ல. உம்மா வீடு முழுவதற்கும் உப்பைக் குறைத்துவிட்டார்கள். வாப்பா மட்டும் தனியாக உண்ணக் கூடாது என்பது அவர்களுடைய பிடிவாதம்.

மூன்று மாத முடிவில் வீக்கம் வடிந்தது. இரவுத் திணறலும் நின்றது. ஆனால் பம்பிங் 29ஐத் தாண்டவில்லை. பம்பிங் 35 சதவீதத்துக்குக் குறைவு, இடது கிளை அடைப்பு, 150ஐத் தாண்டிய தாமதம்: இம்மூன்றும் சேர்ந்தவர்களுக்கே சி.ஆர்.டி. எனப்படும் சிகிச்சை மிகுதியாகப் பயனளிக்கும் என்றார் மருத்துவர். சாதாரண பேஸ்மேக்கரில் ஒன்றோ இரண்டோ கம்பிகள் இருக்கும். இதில் பெரும்பாலும் மூன்று. ஒன்று வலது மேலறைக்கு, ஒன்று வலது கீழறைக்கு. மூன்றாவது, இதயத்தின் சொந்தச் சிரை வழியாக வளைந்து சென்று, இடது கீழறையின் வெளிச்சுவரில் அமரும். இரு புறமும் ஒத்த நேரத்தில் சேதி போகும். சுவர்கள் ஒன்றாகச் சுருங்கும். பிரான்ஸில் 1994இல் முதன்முதலாகச் செய்து பார்க்கப்பட்ட முறை இது. 2005இல் ஐரோப்பாவில் 813 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவையும் எனக்குக் காட்டினார். சராசரியாக இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 30 பேர் இறந்தனர். மருந்தோடு இக்கருவியும் பெற்றவர்களில் 20 பேர். "முப்பதை இருபதாக்கும், பூஜ்யமாக்காது. மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த முன்னேற்றம் வராமலும் போகலாம்" என்று ஒளிக்காமல் சொன்னார்.

வீட்டில் வாதம் தொடங்கியது அப்போதுதான். தம்மாமிலிருந்து காக்கா தொலைபேசியில், "இந்த வயசுல நெஞ்சைக் கிழிச்சு மெஷின் வைக்கணுமா? அல்லாஹ் விதிச்ச நாள்வரைக்கும் நிம்மதியா இருக்க விடுங்களேன்" என்றார்கள். சாச்சாவும் அதையே சொன்னார்கள். பணம் பல இலட்சங்கள் ஆகும் என்பதும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. ஆனால் எவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் மருத்துவரின் எண்களைச் சொல்லிச் சொல்லிக் குரலை உயர்த்தினேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காக்காவின் அச்சம் ஈமானின் குறைவுமல்ல, என் அவசரம் ஈமானின் மிகுதியுமல்ல. இருவரும் வாப்பாவை இழக்க அஞ்சினோம். அஞ்சிய விதம்தான் வேறு.

வாப்பா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, பள்ளியின் ஆலிம்சாவிடம் போய்க் கேட்டார்கள். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்குச் சொன்ன, திர்மிதியில் பதிவான செய்தியை அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். முதுமையைத் தவிர எந்த நோயையும் அல்லாஹ் மருந்தின்றி இறக்கவில்லை என்ற கருத்தில் அபூதாவூதில் வரும் ஹதீஸையும் நினைவூட்டினார்கள். அத்தோடு இப்னு நஃபீஸைப் பற்றியும் சொன்னார்கள். இதயத்தின் வலப்புற இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்றே இடப்புறத்தை அடைகிறது என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர். கெய்ரோவில் மருத்துவத்தோடு நம் ஷாஃபிஈ ஃபிக்ஹையும் கற்பித்தவர். தீனும் மருத்துவமும் ஒரே மனிதரின் நெஞ்சில் முரண்படாமல் இருந்தன என்பதே ஆலிம்சா சொல்ல வந்தது.

வாப்பா சற்று ஆறுதல் அடைந்தார்கள். ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது. அதை ஆலிம்சாவிடம் கேட்காமல் மருத்துவரிடமே கேட்டார்கள். "டாக்டரம்மா, எனக்கு மவுத்து வந்த பிறகும் இந்த மெஷின் அடிச்சுக்கிட்டே இருக்குமா? ரூஹு போறதுக்கு அது தடையா இருந்துடக் கூடாது." அத்தனை மாதங்களில் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். மருத்துவர் சிரிக்கவில்லை. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அய்யா, இது உங்க இதயத்தை ஓட்டுற மோட்டார் இல்லை. எப்போ சுருங்கணும்னு சேதி மட்டும் சொல்லும். உயிர் போயிட்டா கேக்குறதுக்குத் தசை இருக்காது. அது சொல்லிக்கிட்டே இருந்தாலும் எதுவும் நடக்காது" என்றார். வாப்பா சிறிது நேரம் யோசித்தார்கள். "அப்போ மோதினார் மாதிரின்னு சொல்லுங்க. பாங்கு சொல்வாரு, வந்து தொழுறது நம்ம கையிலதான், அதுவும் அல்லாஹ் நாடினாத்தான்" என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "காக்காகிட்ட சொல்லிரு, வைக்கச் சொல்லியாச்சுன்னு" என்றார்கள்.

இக்கருவியில் இரண்டு வகை உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்று இயக்கத்தை ஒத்திசைய வைப்பதோடு நின்றுவிடும். மற்றொன்று, இதயம் திடீரென்று ஆபத்தான வேகத்தில் தறிகெட்டுத் துடித்தால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும். முன்பு மாரடைப்பு வந்தவர்களுக்கும், வயதில் இளையவர்களுக்கும் அந்த இரண்டாம் வகையின் நன்மை கூடுதல். வாப்பாவின் வயதையும் அடைப்பில்லாத குழாய்களையும் கருதி முதல் வகையே போதும் என்று முடிவாயிற்று. அதிர்ச்சி தரும் வகையைப் பொருத்தியவர்களின் குடும்பத்தார், நோயாளி இறுதி நிலையை அடையும்போது அந்த அதிர்ச்சியை மட்டும் நிறுத்திவைப்பது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஸக்கராத்தின் வேளையில் அது அவர்களை வருத்தக்கூடும்.

2018 பிப்ரவரியில் கருவி பொருத்தப்பட்டது. இடது காறையெலும்பின் கீழ், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, சுமார் இரண்டரை மணி நேரம். 'நெஞ்சைக் கிழிப்பது' எதுவும் இல்லை. ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சற்றுக் கூடுதலான கருவியும் நான்கு விரல் நீளத் தழும்பும்தான். மூன்றாம் கம்பியைச் சிரையில் செலுத்தத்தான் நேரம் பிடித்தது. மறுநாள் விக்கல்போல் வயிறு துள்ளத் தொடங்கியது. அக்கம்பி, உதரவிதானத்துக்குப் போகும் நரம்பையும் தூண்டிவிட்டதாம். கத்தியைத் தொடாமல் வெளியிலிருந்தே கணினி மூலம் அமைப்பை மாற்றினார்கள், துள்ளல் நின்றது.

ஆறு வாரங்களுக்கு இடது முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது, கையூன்றி எழக் கூடாது என்றார்கள், கம்பி நகர்ந்துவிடும். வாப்பாவின் முதல் கவலை தக்பீர். கையை எந்த அளவுக்கு உயர்த்தலாம்? முடிந்த அளவே கடமை என்று ஆலிம்சா சொன்னார்கள். வலக்கையை வழக்கம்போல் உயர்த்தி, இடக்கையை மார்பளவில் நிறுத்தித் தொழுதார்கள். ஸுஜூதை நாற்காலியில் அமர்ந்து சைகையால் செய்தார்கள். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் விலாப்புறமாகப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் வழிகாட்டியது புகாரியில் உள்ளது. காயம் ஒளுவின் உறுப்புகளில் இல்லாததால் ஒளுவுக்கும் தடையில்லை.

முன்னேற்றம் ஒரே நாளில் வரவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு தலையணை குறைந்தது. இரண்டாம் மாதத்தில், பள்ளிக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் மட்டும் நின்றார்கள். ஆறாம் மாத எக்கோவில் பம்பிங் 41. வால்வின் கசிவும் குறைந்திருந்தது. அந்த வாரம் ஃபஜ்ருக்கு நாற்காலியை எடுக்காமல் வாப்பா ஸஃபில் வந்து நின்றார்கள். நான் அருகில் நின்றேன். ஸஃபை நேராக்குங்கள், முன்பின்னாக நிற்காதீர்கள், அது உள்ளங்களை வேறுபடச் செய்துவிடும் என்ற கருத்திலான நபிமொழியை இமாம் நினைவூட்டியபோது, என் குதிகாலைப் பார்த்து வாப்பா தம் குதிகாலைச் சரிசெய்தார்கள். அந்த ஹதீஸ் உடற்கூறு பாடம் அல்ல. உள்ளத்தின் சீர்மையைப் பற்றியது. அதை எக்கோ அறிக்கையோடு ஒப்பிட எனக்கு உரிமையில்லை. ஆயினும் அன்று என் கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

அதே வாரத்தில் அதே மருத்துவமனையில் அதே கருவியைப் பெற்ற இன்னொரு பெரியவரை நாங்கள் அறிவோம். அவருக்கு முன்பே பெரிய மாரடைப்பு வந்திருந்தது. வெளிச்சுவரில் தசை செத்துத் தழும்பாகியிருந்தது. தழும்பு எந்தச் சேதிக்கும் அசையாது. ஆண்டு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். செய்தி கேட்டு வாப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே கைதான் வச்சது" என்று மட்டும் சொன்னார்கள். இச்சிகிச்சையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே சொல்வேன். அடைப்பு எந்த வகை, தாமதம் எவ்வளவு, தழும்பு இருக்கிறதா என்பவற்றை மருத்துவர் அளந்து பார்க்கலாம். அதற்கு அப்பால் உள்ளதை அல்லாஹ் அறிவான்.

அவ்வாண்டு ரமழான் மே மாத நடுவில், கடும் வெயிலில் வந்தது. நீர் மாத்திரை எடுப்பவர் பகல் முழுவதும் தண்ணீரின்றி இருந்தால் அழுத்தம் விழும், சிறுநீரகம் பாதிக்கப்படும் என்று மருத்துவர் நோன்பைத் தடுத்தார். தேறும் நம்பிக்கையில்லாத நீடித்த நோய் என்பதால் களா இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவே கடமை என்று ஆலிம்சா விளக்கினார்கள். கருவி வைத்ததைத் தாங்கிக்கொண்ட வாப்பாவுக்கு இதைத் தாங்க முடியவில்லை. முதல் நாள் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை விழுங்கினார்கள். பேரப்பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம். நோயாளிக்குச் சலுகை தந்த வசனத்திலேயே, அல்லாஹ் நமக்குச் சிரமத்தை நாடவில்லை என்றும் வருகிறதே என்று உம்மாதான் எடுத்துச் சொன்னார்கள். பிறகு ஃபித்யா அரிசியை வாப்பா தம் கையாலேயே அளந்து கொடுத்தார்கள். இஃப்தாருக்கு மட்டும் எங்களோடு உட்கார்ந்து, உப்பில்லாத நோன்புக் கஞ்சியைக் குடித்தார்கள்.

அதன் பின்னர் வாழ்க்கை சில ஒழுங்குகளுக்குள் அமைந்தது. தினமும் காலையில் எடை. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் நீர் தேங்குகிறது என்று பொருள், உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைப்பது. அழைப்பு வந்தால் வலக்காதில் பேசுவது. இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி விலகியிருப்பது. கருவியின் அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது. 2019இல் உம்ராவுக்குச் சென்றபோது விமான நிலையச் சோதனையில் அந்த அட்டையே போதுமானதாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கருவிச் சோதனை. கருவி வைத்துவிட்டதால் மருந்தை நிறுத்திவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள், அது பெருந்தவறு. இரண்டும் சேர்ந்தே பயன் தரும். பின்னாளில், சர்க்கரை நோய்க்கென்று வந்து இதயச் செயலிழப்புக்கும் உதவுவதாகத் தெரியவந்த மாத்திரையொன்றும் வாப்பாவின் பட்டியலில் சேர்ந்தது. இப்போது, மூன்றாம் கம்பியைச் சிரையில் செலுத்தாமல், நடுச்சுவருக்குள்ளேயே இடது கிளையின் அருகில் கம்பியைப் பதித்து, இயற்கையான பாதையிலேயே சேதி அனுப்பும் முறையும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மருத்துவரிடம் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இடையில் இரண்டு முறை மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. ஒருமுறை மேலறை தாளம் தவறித் துடித்ததால் கருவியின் சேதி பாதியே பலித்தது. மருந்தால் அதைச் சரிசெய்தார்கள். நோய் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் கட்டுக்குள் இருந்தது. அந்த ஆறாண்டுகளில் வாப்பா இரண்டு பேத்திகளின் நிக்காஹ்வில் கலந்துகொண்டார்கள். காக்கா ஊர் வந்தபோதெல்லாம் இருவரும் சேர்ந்தே ஃபஜ்ருக்கு நடந்தார்கள். "நான் அன்னைக்குச் சொன்னதை மறந்துரு" என்று காக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்கள். நானும் என் பங்குக்கு மன்னிப்புக் கேட்டேன்.

2024இல் காய்ச்சலில் தொடங்கிய நிமோனியா வாப்பாவை ஐந்தே நாளில் கொண்டுபோயிற்று. கருவியின் பேட்டரியை ஓராண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும் என்று முந்தைய சோதனையில்தான் சொல்லியிருந்தார்கள். அதன் தேவை வரவில்லை. இறுதி மூச்சின்போது கட்டிலருகே இருந்தேன். திரையில் கருவியின் சேதி சிறு கோடுகளாக வந்துகொண்டிருந்தது; இதயம் அதற்கு எழவில்லை. மருத்துவர் அன்று சொன்னது அப்படியே நடந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

குளிப்பாட்டும்போது, கருவியை எடுத்துவிட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். தேவையில்லை. எரியூட்டுபவர்கள் அவசியம் எடுக்க வேண்டும். நெருப்பில் பேட்டரி வெடிக்கும். அடக்கம் செய்யும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மையித்தின் உடலை உயிருள்ளவரின் உடலைப் போலவே கண்ணியப்படுத்த வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்பித்தது. அதற்காக அதைக் கீறுவதில்லை. கருவியோடேயே வாப்பாவைக் கபுரில் வைத்தோம்.

சகோதரர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் நடக்கும் வழியில் நின்று நின்று பேசத் தொடங்கினால், தலையணைகளின் எண்ணிக்கை கூடினால், காலில் செருப்பின் தடம் பதிந்தால், அதை வயதின் மீது சுமத்திவிடாதீர்கள். ஓர் இ.சி.ஜி.யும் ஓர் எக்கோவும் எடுத்துப் பாருங்கள். மருத்துவர் கருவி வேண்டும் என்றால், அது எந்த வகை, பயன்படும் வாய்ப்பு எவ்வளவு என்று பொறுமையாகக் கேளுங்கள். வீட்டில் கருத்து வேறுபட்டால் குரலை உயர்த்தாமல், நோயாளியின் மனத்தில் என்ன கேள்வி இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். எங்கள் வாப்பாவின் கேள்வி எங்கள் வாதங்களில் எதிலுமே இருக்கவில்லை.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அளிப்பானாக. சிகிச்சை பலிக்காதவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் அழகிய ஸப்ரைத் தருவானாக. எங்கள் வாப்பாவின் கபுரை விசாலமாக்குவானாக. உங்கள் துஆவில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.